ஐஸ் பெட்டியில் சிரித்தவன்

நான் இதுவரை ஒன்பது முறை செத்திருக்கிறேன். நான்கு முறை டிவி சீரியலில், மூன்று முறை குறும்படங்களில், ஒரு முறை ஹெல்மெட் போடச் சொல்லும் விளம்பரத்தில். ஒன்பதாவது சாவு பாகூர்ப் பக்கம் எடுத்த ஒரு பேய்ப் படத்தில். முதல் எட்டும் மறந்துவிட்டன. இந்த ஒன்பதாவதுதான் போக மாட்டேன் என்கிறது.

என்னிடம் சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த திறமை ஒன்றே ஒன்று. ஒரு நிமிஷத்துக்கு மேல் மூச்சை அடக்கி, நெஞ்சு ஏறி இறங்காமல், இமை துடிக்காமல் கிடப்பேன். மின்துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் மேடை நாடகம் போட்டவன் நான். ராஜாவாக நின்றிருக்கிறேன், குடிகாரனாகப் புரண்டிருக்கிறேன். மகனைப் பறிகொடுத்த நீதிபதியாக ஒரு நாடகத்தில் நான் பேசிய பேச்சைக் கேட்டு, முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வந்தார். அதெல்லாம் இவர்களுக்கு வேண்டாம். "சார் நல்லா பொணமா படுப்பாரு" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொல்ல, அவன் மற்றொருவனிடம் சொல்ல, ஓய்வு பெற்ற பிறகு என் பெயர் அப்படித்தான் பரவியது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

நான் பிணமாகப் படுப்பது என் மனைவிக்குப் பிடிக்காது. வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை, ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்திருக்கும் முன், படுத்தபடியே கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அப்போது கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். செத்தது பொய், ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று எமனுக்குக் காட்டும் சாட்சி அது. அந்தத் துண்டு படத்தில் வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். கோயில் பக்கமே போகாத இயக்குநர்கூட இந்தச் சிரிப்பை மட்டும் விட மாட்டான். பின்னாளில் நடிகருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் தலையில் விழுமே என்ற பயம்.

"சிரிச்சிட்டுதான எழுந்தீங்க?" ஒவ்வொரு தடவையும் அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்பாள். ஆமாம் என்று சொன்னால்தான் உள்ளே விடுவாள், அதுவும் நேராகக் குளியலறைக்கு.

"முப்பது வருஷம் கரண்ட்டு கம்பத்துல ஏறி எறங்கனப்ப வராத எமன், கேமராவப் பாத்துட்டா வந்துடப் போறான்?" என்று கேட்டுவிட்டு நான் சிரிப்பேன். அவள் வெந்நீர் வைக்கப் போய்விடுவாள்.

இந்தப் பேய்ப் படத்தின் தயாரிப்பாளர் வில்லியனூரில் பந்தல் சாமான் வாடகைக்கு விடுபவர். கல்யாணமோ, காதுகுத்தோ, சாவோ, நாற்காலியும் ஷாமியானாவும் அண்டாவும் அவரிடமிருந்துதான் போகும். பிணத்தை வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியும் இரண்டு வைத்திருந்தார். அதில் ஒன்று ரிப்பேர். படத்தின் கதை எப்படிப் பிறந்தது என்று இயக்குநரே என்னிடம் பெருமையாகச் சொன்னான். முதலாளியின் குடோனுக்குப் போய் என்னென்ன சாமான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி காட்சி எழுதினானாம். நாற்காலியும் ஷாமியானாவும் இருந்ததால் சாவு வீடு. ஐஸ் பெட்டி இருந்ததால் பிணம். கல்யாண வாசலில் நிறுத்தும் விளக்கு வளைவு இருந்ததால் கனவில் ஒரு டூயட். பந்தல் கூரைக்குள் கட்டும் வெள்ளைத் துணி நிறைய இருந்ததால் பேய். அந்தத் துணியையே பேய்க்குப் புடவையாகச் சுற்றிவிட்டார்கள். கயிறு கோக்கும் வளையங்கள் ஓரத்தில் வரிசையாகப் படத்திலும் தெரியும்.

இயக்குநருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவன். எதைக் கேட்டாலும் "ஃபீல் சார், ஃபீல்" என்பான். கதையில் ஒருவன் தன் மனைவியைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிடுகிறான். பல வருஷம் கழித்துச் சாகக் கிடக்கும்போது மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். உடல் ஐஸ் பெட்டியில் இருக்கும்போது மனைவி பேயாக வருகிறாள். அந்தப் புருஷன் நான்தான். மகளிடம் பேசும் பேச்சு இரண்டரைப் பக்கம்.

இரண்டரைப் பக்கம்! எட்டு சாவுக்கும் சேர்த்து நான் பேசியது இரண்டரை வரி இருக்காது. இந்த ஒரு காட்சி வந்துவிட்டால் போதும், பிணம் என்கிற பெயர் போய்விடும் என்று நம்பினேன். அறுபத்தொரு வயதில் அதற்கு மேல் ஆசைப்பட நேரமும் இல்லை.

அவன் எழுதிக் கொடுத்த வசனம் குப்பை. நானே உட்கார்ந்து முழுதாக மாற்றி எழுதினேன். "தள்ளிவுட்டுக் கொல்றது யாருக்கும் முடியும் தம்பி. கைய நீட்டாம, கெட்ட வார்த்தை ஒண்ணுகூட சொல்லாம, ஒருத்திய கிணறு வரைக்கும் நடக்க வெக்கிறான் பாரு, அதுதான் கதை" என்று அவனுக்கு விளக்கினேன். கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன புரிந்ததோ, "சூப்பர் சார், செம ஃபீல்" என்றான்.

நாற்பது நாள் ஒத்திகை பார்த்தேன். மகள் இடத்தில் யாராவது உட்கார வேண்டுமே, மனைவியை உட்கார வைத்தேன். சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டோ மீன் கழுவிக்கொண்டோ இருப்பாள், நான் கட்டிலில் சாய்ந்து பேசுவேன். "உங்கம்மா ஆக்கிப் போட்டத ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்லம்மா நான். அவ பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுவேன். முப்பது வருஷம் ஒரே வூட்ல இருந்தோம், அவளுக்கு இன்னா புடிக்கும்னு கேட்டா எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." அந்த இடத்துக்கு வரும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கிளிசரின் இல்லாமல் வரும் தண்ணீர். இந்த ஊரில் எத்தனை பேருக்கு அது வரும்?

முதல் தடவை கேட்டபோது அவள் கை நின்றுவிட்டது. "இது நல்லா இருக்குதுங்க. நீங்களேவா எழுதுனீங்க?" என்றாள்.

"பின்ன, உங்கண்ணன் எழுதுனாரா?" என்றேன். அவளுடைய அண்ணன் காட்டேரிக்குப்பத்தில் விவசாயம் பார்ப்பவர். கரும்பைத் தவிர வேறு பேச்சு பேசத் தெரியாத மனிதர்.

இன்னொரு நாள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "இவ்ளோ சொல்றான், கடைசில மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்த வரலியே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னிப்பெல்லாம் சீரியலுக்குத்தான் சரி, நல்ல வசனத்தில் சொல்லாமல் விடுவதுதான் அழகு, சீரியல் பார்த்துப் பார்த்து உன் புத்தியும் அப்படியே போகிறது என்றேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டு அலசினாள். நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

படப்பிடிப்பு பாகூர் ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பழைய வீட்டில். கரும்பும் நெல்லும் போடும் குடும்பம், பக்கத்திலேயே புது வீடு கட்டிக் குடிபோய்விட்டது. பழைய வீட்டில் உர மூட்டையும் பழைய மோட்டாரும்தான் குடியிருந்தன. அதற்குள் நுழைந்தால் பேய் வருகிறதோ இல்லையோ, யூரியா வாடையில் தும்மல் வரும்.

பேய்ப் படம் என்றால் ராத்திரியில் எடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இவர்களால் முடியாது. ராத்திரியானால் முதலாளியின் ஆட்கள் அத்தனை பேரும் எங்காவது கல்யாணப் பந்தல் கட்டப் போய்விடுவார்கள், ட்யூப்லைட்டும் போய்விடும். ஆகவே எங்கள் ராத்திரி காலை பத்து மணிக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் நாலு மணிக்கு முடியும். ஜன்னல், கதவு, ஓட்டுச் சந்து எல்லாவற்றையும் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே வெந்து சாகலாம். பேயாக நடித்த பெண் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் உர மூட்டை மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள். வெளியில் எவனாவது டிராக்டர் ஓட்டிக்கொண்டு போனால், "ராத்திரியில டிராக்டர் போவுது, கட்" என்று இயக்குநர் கத்துவான். மாட்டுக்கும் அவன் கட் சொன்னான். மாடு கேட்கவில்லை.

என்னுடைய நாள் வந்தது. முதலில் வசனக் காட்சி, பிறகு ஐஸ் பெட்டி என்று திட்டம். நான் காலையிலேயே போய், ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இரண்டரைப் பக்கத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கச்சிதமாக வந்தது. வெளியில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் போய்ப் பார்த்தேன். எர்த் ஒயரே இல்லை.

"இன்னாங்க இது, எர்த்து இல்லாத பெட்டியில ஆளப் படுக்க வெக்கிறீங்க?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"பொணத்துக்கு எதுக்குண்ணா எர்த்து?" என்றார் அவர். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

நானே ஒயர் வாங்கிவரச் சொல்லி, நானே இழுத்துக் கட்டினேன். அந்தப் படத்தில் ஒழுங்காக நடந்த ஒரே வேலை அதுதான். அதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் அடித்தது. கடலோரம் நல்லவாட்டில் ஒரு சாவு. படகுக்காரக் குடும்பம், தலைமுறையாக இவரிடமே சாமான் எடுப்பவர்கள். வெளியூர் மகன் வரும்வரை உடலை வைக்க வேண்டும், பெட்டி உடனே வேண்டும்.

இயக்குநர் தலையில் கை வைத்தான். "ஒரு ரெண்டு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்க முதலாளி, ப்ளீஸ்."

"சினிமா இன்னிக்கு இல்லன்னா நாளைக்குபா. பொணம் நிக்குமா?" என்றார் முதலாளி. அந்த வீட்டுக்குள் அத்தனை நாளில் சொல்லப்பட்ட புத்தியுள்ள வார்த்தை அது ஒன்றுதான். வண்டி வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் முடித்துக்கொள் என்றார்.

எல்லாம் தலைகீழானது. வசனம் பிறகு, பெட்டி முதலில் என்றார்கள். பேசிவிட்டுச் சாக வேண்டியவன் செத்துவிட்டுப் பேச வேண்டும். சினிமாவில் அது சகஜம்தான், போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். மூக்கில் பஞ்சு வைத்தார்கள், தாடையைச் சுற்றித் துணியால் வாய்க்கட்டு கட்டினார்கள், நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினார்கள். படுத்தேன், மூடினார்கள். கண்ணாடியில் பனி படிய வேண்டும் என்று பெட்டியை ஓடவிட்டிருந்தார்கள். தார்ப்பாய்க்குள் வெந்த உடம்புக்கு முதல் அரை நிமிஷம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு முதுகெலும்பு வழியாகக் குளிர் ஏறியது. ஒரு நிமிஷம் மூடுவார்கள், திறப்பார்கள், நான் மூச்சு வாங்கிக்கொள்வேன், மறுபடியும் மூடுவார்கள்.

மூன்றாவது ஷாட்டில் ஃப்யூஸ் போனது. பெட்டியும் அத்தனை விளக்குகளும் ஒரே லைனில். எந்த வீட்டு ஒயர் தாங்கும்? இருட்டில் ஆளாளுக்குக் கத்தினார்கள், மெயின் எங்கே இருக்கிறது என்றுகூட ஒருவனுக்கும் தெரியவில்லை. நானே மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மூக்கில் பஞ்சோடும் வாய்க்கட்டோடும் வெளியே போய், மெயின் பலகையில் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி மாற்றிப் போட்டேன். புது வீட்டிலிருந்து டீ கொண்டுவந்த வீட்டுக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை.

"இன்னா சார், செத்தும் கவர்மெண்ட்டு வேல வுடல போல" என்றார்.

வாய்க்கட்டு இருந்ததால் பதில் சொல்லவில்லை. திரும்பிப் போய்ப் பெட்டியில் படுத்தேன். மிச்ச ஷாட்டுகளை அவசர அவசரமாக எடுத்தார்கள். வாசலில் பெட்டியை ஏற்றிப் போகும் குட்டி யானை வண்டி வந்து ஹாரன் அடித்தது. கடைசியாக அந்தச் சிரிப்பு மட்டும் பாக்கி. கண்ணாடி மூடி சாத்தியிருந்தது, கேமரா எனக்கு நேர் மேலே நின்றது. அப்போதுதான் கேமராவை ஒட்டியபடி இயக்குநர் குனிந்து, கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிச் சொன்னான்.

"சார், அந்த டயலாக் சீன் வேணாம்னு தோணுது சார். ஆடியன்ஸ் போன எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிடுவான். நேரா பொணத்துல ஓப்பன் பண்ணா பஞ்ச்சா இருக்கும். கேமரா ஓடுது சார், சிரிச்சிடுங்க."

அவ்வளவுதான். நாற்பது நாள் வேலையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். மேலே பார்த்தேன். பனி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனுடைய கறுப்புக் கண்ணாடி. அவனுக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி. அதற்கும் பின்னால், உர மூட்டை மேல் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் தின்றுகொண்டிருந்த பேய். இவர்களிடமா நான் கலையை எதிர்பார்த்தேன்? இவர்களை நம்பியா வீட்டுச் சுவர் கரையக் கரையப் பேசினேன்? கோபம்கூட வரவில்லை. கோபப்பட ஒரு தகுதி வேண்டும், அது இவர்களுக்கு இல்லை. நான் சிரிக்கவில்லை, அது தானாக வந்தது. வாய்க்கட்டு இறுக்கிப் பிடித்திருந்ததால் வாய் திறக்கவில்லை, உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தபடி கிடந்தேன்.

"ஓகே சார், தேங்க்ஸ் சார்" என்றான். பெட்டியைத் துடைத்து வண்டியில் ஏற்றினார்கள். அது கரும்பு வயல்களுக்கு நடுவே நல்லவாட்டை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே உண்மையாகவே செத்த ஒரு மனிதர் காத்திருந்தார். அவரை யாரும் சிரிக்கச் சொல்லப் போவதில்லை.

வீட்டு வாசலில் அவள் வழக்கம்போல நிறுத்தினாள். "சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"வசனம் எப்படி வந்துச்சி?"

இந்த முறையும் பிணம் மட்டும்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நல்லா வந்துச்சு" என்றேன். குளிக்கப் போனேன்.

அந்த ஒரு பொய்யோடு ஐந்தாறு மாதம் ஓட்டினேன். படம் வெளியே வராது என்றுதான் நினைத்தேன், இதைப் போய் எந்தத் தியேட்டர்காரன் வாங்குவான்? ஆனால் தியேட்டர்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் எங்கள் முதலாளி. ஒரு வாரம் காலைக் காட்சி மட்டும் என்று கிடைத்துவிட்டது. அவள் காட்டேரிக்குப்பத்துக்குப் போன் போட்டு அண்ணன் குடும்பத்தையே வரச் சொல்லிவிட்டாள். "அது குப்பப் படம், வெயில்ல எதுக்கு அலையணும்" என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க வசனத்துக்கோசரம்தான் வர்றோம். படம் எப்டியிருந்தா எங்களுக்கு இன்னா?" என்றாள். நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

தியேட்டரில் பாதி நாற்காலி காலி. பந்தல் ஆட்கள் ஒரு வரிசை, கல்லூரிப் பையன்கள் இரண்டு வரிசை, நடுவில் நாங்கள். படம் ஆரம்பித்ததும் ஐஸ் பெட்டியில் நான். மச்சான் பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். மனைவி என் காதருகே குனிந்தாள்.

"இன்னாங்க, எடுத்தவொடனே செத்துட்டீங்க? வசனம்?"

"பின்னாடி ஃப்ளாஷ்பேக்ல வரும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு காட்சி மாறும்போதும் அவள் முதுகு கொஞ்சம் முன்னால் வரும், பிறகு பின்னால் சாயும். அதைப் பார்க்காமல் இருக்கத் திரையைப் பார்த்தேன். திரையில் பார்க்க என்ன இருந்தது? பேய் வந்தது. "டேய், பந்தல் துணிய கட்டிக்கினு வருதுடா, பந்தி எப்போன்னு கேளுடா" என்று பையன்கள் கத்தினார்கள். பந்தல் ஆட்களே சிரித்துவிட்டார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் எல்லாம் சிரிப்பு, சிரிக்க வைக்கப் பார்த்த இடத்தில் எல்லாம் கொட்டாவி. எனக்குத் திருப்தியாகவே இருந்தது. என்னை வெட்டியவன் நன்றாக வாங்கட்டும்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பேய் ஐஸ் பெட்டியருகில் வந்து நின்றது. பின்னணி இசை நின்றது. பனி படிந்த கண்ணாடிக்குள் என் முகம் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. கண் திறந்தது. நேராக, சபையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

தியேட்டரே அலறிவிட்டது. அது பொய் அலறல் இல்லை. முன்வரிசையில் ஒருவன் நாற்காலியிலிருந்து துள்ளினான், எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. மச்சானின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கிழித்தேவிட்டார். அதன் பிறகு விசில், கைதட்டல். கொட்டாவி விட்ட அத்தனை வாயும் கத்தியது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீதிபதி வேஷத்துக்குக்கூட இப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. மனைவி பக்கம் திரும்பினேன். அவள் அலறவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவள் முதுகு முன்னால் வரவே இல்லை.

வெளியே வந்ததும் இயக்குநர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "வெட்டிப் போட வேண்டிய பிட்டு சார் அது, எடிட்டிங்ல கண்ணுல மாட்டிச்சி. சொல்லாம வெச்சிட்டேன், தப்பா நெனக்காதீங்க. செம ஃபீல் சார். பார்ட் டூவுல இதே சிரிப்பு வேணும்." அவனை நினைத்து வந்த சிரிப்பு அது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கல்லூரிப் பையன்கள் போனை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். "சார், ஒரு வாட்டி அதே மாதிரி சிரிங்க சார்." முயன்று பார்த்தேன். பல்பசை விளம்பரம் மாதிரிதான் வந்தது. "அது இல்ல சார்" என்று ஒருவன் போனை இறக்கிவிட்டான்.

மச்சான் குடும்பத்தை அனுப்பிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினோம். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். எமனுக்குக் காட்டும் சிரிப்பையே படத்தில் பிணத்துக்கு வைத்துவிட்டார்களே, அப்படியானால் சாவு தோஷம் கழியவில்லையே என்று ஆரம்பிப்பாள். அதற்கு என் கரண்ட் கம்பப் பதில் தயாராக இருந்தது. ஆற்றுப் பாலம் வந்தது.

பாலத்தில் கேட்டாள். "வசனம் எடுக்கவே இல்லியா?"

"இல்ல."

"அன்னிக்கே தெரியும். நல்லா வந்திருந்தா அன்னிக்கு ராத்திரி சோறு ஆறிப்போற வரிக்கும் அதையே பேசியிருப்பீங்க. பேசாம சாப்டுட்டு படுத்துட்டீங்க."

அகப்பட்டுக்கொண்டேன். ஆனால் நடிகன் புத்தி சும்மா இருக்குமா? அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. "எல்லாரும் அப்படிக் கத்துனாங்களே, உனக்குப் பயமே வரலியா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாத்துக்குப் பயம்?" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறதுதான. நான் எது பேசினாலும் சிரிப்பீங்களே, அதான் அது. அவங்க இன்னிக்குத்தான் பாக்கறாங்க. அதான் கத்துறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சிலிண்டரில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். வண்டி பாலத்தை விட்டு இறங்கியது. கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும் பேசினாள்.

"நாப்பது நாளு என்னய ஒக்கார வெச்சி சொன்னீங்க. கண்ணுல தண்ணி வெச்சிக்கினு சொன்னீங்க. மொத ரெண்டு நாளு, எனக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேங்க."

நான் வேகத்தைக் குறைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. இரண்டரைப் பக்கம் மனப்பாடமாக இருந்தது, நானே எழுதியது, ஒரு வரி பிசகாமல் வரும். அதில் அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் வைக்கவில்லையே. பதில் தெரியாத போதெல்லாம் வருவது போல, உதடு தானாக ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நல்ல வேளை, ஹெல்மெட் போட்டிருந்தேன்.

"சிரிக்கிறீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

இல்லை என்றேன்.